மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக்காசு

பிரேக் கருகும் வாசனை. கொல்லிமலையிலிருந்து இறங்கும் பஸ் எழுபது வளைவுகளையும் மிதித்து மிதித்து முடித்துவிட்டுக் காரவள்ளியில் வந்து நிற்கும்போது அதன் சக்கரங்களுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பும். ரப்பரும் இரும்பும் சேர்ந்து தீய்ந்த சூடு. எங்கள் வீடு அந்த நிறுத்தத்துக்கு அடுத்த சந்தில். சாயங்கால பஸ் வந்துவிட்டதை நான் கடிகாரத்தில் பார்ப்பதில்லை, மூக்கால் தெரிந்துகொள்வேன். எத்தனையோ ஊர்களில் இருந்து பார்த்துவிட்டேன், எங்கும் கால் தரிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இந்த வாசனைக்குத்தான் திரும்பி வந்தேன். இப்போது அது வந்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

பின்கட்டு அறையில் ஒருவர் இருந்தார். வாசனை வந்ததும் கைத்தடியைத் தேடுவார். "பஸ் எறங்கிருச்சுங்க அம்மிணி. நானும் ஒரு நடை போயிட்டு வாரேன்" என்பார். முதல் வளைவு வரை போய்த் திரும்புவார். முதலில் அரைமணி நேரம் ஆனது, பிறகு இருபது நிமிடம். அவர் என் தோழியின் கணவர். அந்த நடை எதற்காக என்று எங்கள் மூவருக்கும் தெரியும். ஒரு காசை அவர் தன் காலால் நடந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது.

தோழி மலைக்காரி. திருப்புலி நாட்டில் சாமையும் மரவள்ளியும் மிளகும் போடுகிற வீடு. நாமக்கல்லில் ஒரே ஹாஸ்டலில், அடுத்தடுத்த பாயில் படுத்து நாங்கள் இருவரும் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை படித்தோம். நோன்பு மாதத்தில் நான் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மெஸ்ஸில் எனக்கு முன்னால் போய்த் தட்டோடு வரிசையில் நிற்பாள். "அவளுக்குப் பசி, எனக்குச் சண்டை" என்று சமையல்காரம்மாவிடம் சொல்லி வாங்கிவிடுவாள். படிப்பு முடிந்ததும் அவள் மலையேறிப் போய்விட்டாள். நான் அத்தாவின் மளிகைக்கடையிலும் நிற்கவில்லை, வேறெங்கும் நிற்கவில்லை. வருடத்தில் நாலு முறையாவது மேலே போய் அவள் வீட்டில் இரண்டு நாள் கிடப்பேன்.

சில வருடங்களுக்கு முன் அவள் ஊருக்கு மேலே இருக்கும் காட்டுச் சரிவைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். நல்ல செய்திதான். அந்தச் சரிவில் தேவாங்கு உண்டு, கரடி உண்டு, பெயர் தெரியாத பச்சை ஆயிரம் உண்டு. சரிவை அறுத்து ரிசார்ட் கட்ட ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அறிவிப்பு வந்ததும் அது நின்றது. கொண்டாட்டமாக வனத்துறையில் ஒரு வெள்ளி நினைவுக்காசு அடித்தார்கள். நீல வெல்வெட் பெட்டிக்குள் காசு, காசோடு ஒரு அட்டை. நான் அங்கங்கே கவிதை எழுதுகிறவள் என்பதால் அட்டைக்கு நாலு வரி வேண்டுமென்று என்னிடம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது அந்தச் சரிவு முழுக்க மூடுபனியாக எனக்குள் இறங்கியது, அதில் ஒரு ஆள் கூட இல்லை. முதல் வரி, "மனிதர் காலடி படாத காடு."

தை மாதம். மலைமேல் ஒரு பள்ளிக்கூட ஹாலில் விழா. எழுதிய கூலிக்கு எனக்கும் ஒரு பெட்டி கொடுத்தார்கள். கையில் எடுத்தால் கனம். ஒரு பக்கம் அடுக்கடுக்காக மலை. மறுபக்கம் கிளையைப் பற்றிய தேவாங்கு, முட்டைக்கண்ணால் நம்மையே பார்க்கிறது. அதை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன், காட்டிவிட்டு வரலாம் என்று.

வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். காலையில் மிளகு பறிக்க ஏறிய அவள் புருஷன், கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். ஒற்றை மூங்கிலில் கணுக்களையே படியாக விட்டுச் செய்த ஏணி, அது சறுக்கியிருக்கிறது. இடுப்பும் தொடையும் முறிந்திருந்தன. ஆம்புலன்ஸ் அவரைக் கீழே கொண்டுபோய்விட்டது. அவள் அடுத்த ஜீப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. வீட்டுக்குள் மஞ்சள் நனைத்த துணித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு டப்பா டப்பாவாகத் திறந்து காசு தேடிக்கொண்டிருந்தாள்.

உயிருக்கு ஆபத்தென்றால் காசு முடிந்து வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மஞ்சள் துணியில் காசை வைத்து, சாமியிடம் சொல்லி, முடிச்சுப் போட்டுக் கட்டித் தொங்கவிடுவார்கள். பிழைத்ததும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். முடிந்த காசை அவிழ்க்கக் கூடாது, மாற்றக் கூடாது. அவர்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு: யாருக்காக முடிந்ததோ அந்த ஆளே தன் காலால் நடந்து கொண்டுபோக வேண்டும், செருப்பில்லாமல்.

அவளுக்கு ஒரு இரண்டு ரூபாய்க் காசு கிடைத்தது. பார்த்துவிட்டு டப்பாவிலேயே போட்டாள்.

"இதுல முடியற உசுரா புள்ள அவரு?" என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "என்னது பொட்டி?"

"வெள்ளிக்காசு. காட்டுக்குன்னு அடிச்சது."

"குடு."

கொடுத்தேன். ஒரு கணம் திருப்பிப் பார்த்தாள். "மலை இருக்குது, தேவாங்கு இருக்குது. எங்களத்தான் ஒருத்தரையும் காணோம்" என்றாள். அந்த நேரத்திலும் அப்படித்தான் பேசுவாள். வாசலுக்கு வந்து காட்டைப் பார்த்து நின்று முடிச்சைப் போட்டாள். "சாமி, அவரு எந்திரிச்சு நடந்தாருன்னா, அவரு கால்லயே வந்து இதைய உன்ற காலடில வெப்பாரு."

அந்தச் சாமிக்குக் கோயில் என்று கட்டடம் கிடையாது. சரிவுக்குள் ஒரு மணிநேர நடையில் ஒரு பெரிய நாவல் மரம், அடியில் நட்ட கற்கள், சாத்திய வேல்கள். ஆடியில் ஒரு நாள் சுற்றியிருக்கிற ஊர்களெல்லாம் அங்கே போய்ப் பொங்கல் வைக்கும். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். வழி நெடுக மண் கால்களால் தேய்ந்து பாறை மாதிரி இறுகியிருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும் அந்த வரியை எழுதினேன்.

ஜீப்பில் இறங்கும்போது அவள் பெட்டியிலிருந்த அட்டையைப் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்க" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர் பிழைத்தார். சேலத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்கள். மலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் எழுபது வளைவு இறங்கி ஏறினால் இடுப்பு மறுபடி விட்டுப்போகும். எங்கள் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தேன். வந்ததும் அவள் முதலில் தேடியது மஞ்சள் முடிச்சைத் தொங்கவிட ஓரிடம். ஃபேன் கொக்கி ஒன்று ஃபேன் இல்லாமல் இருந்தது.

"ஏனுங்கம்மா, எங்க சாமி காசு உங்க ஊட்டுல தொங்கலாமுங்களா?" என்று என் அம்மாவைக் கேட்டாள்.

"அது பாட்டுக்குத் தொங்கட்டும் கண்ணு. அதுக்கென்ன சோறா ஆக்கிப் போடப் போறோம்?" என்றார் அம்மா.

ரேஷன் அரிசி வாங்க மாதாமாதம் அவள் மேலே போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் முழுக்க அவர் தனியாகக் கிடப்பார். ரேஷன் கார்டை இங்கே மாற்றிவிட்டால் என்ன என்று நான்தான் சொன்னேன். மனுவை நான்தான் நிரப்பினேன். எங்கள் வீட்டுக் கதவு எண்ணை என் கையால் எழுதினேன். புதுக் கார்டு வந்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "காரவள்ளிக்காரன் ஆயிட்டேனுங்க அம்மிணி. இனி எனக்கும் கீழூர் ஆளாட்டம் வேர்க்கும்."

முதல் ஆடி வந்தது. அவரால் சுவரைப் பிடித்து நிற்க முடிந்தது, அவ்வளவுதான். தூக்கிக்கொண்டாவது போய்விடலாமா என்று அவள் கேட்டாள். "நடந்து வர்றேன்னு சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போனா சாமி சிரிக்கும்" என்றார் அவர். நானும் சேர்ந்துகொண்டேன். "அவசரம் என்ன, நல்லா நடக்கட்டும், அடுத்த வருசம் எங்கே ஓடிப்போகுது" என்றேன். அந்த ஆடியில் காட்டு வழியில் கேட் கிடையாது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஒரு வருடம் அவர் நடந்து பழகினார். பிரேக் வாசனை வரும், தடி தரையைத் தட்டும், சந்துமுனை தாண்டி அந்தத் தட்டல் தேயும். மழையில் குடையோடு போவார். சந்துப் பெண்கள் "சாமிக்குப் போற ஆளு போறாரு" என்பார்கள். திரும்பி வந்து முடிச்சுக்குக் கீழே உட்கார்ந்து காலை நீவிக்கொள்வார். நீவும்போது மேலே பார்ப்பார்.

இரண்டாவது ஆடியில் மூவரும் காலை பஸ்ஸில் ஏறினோம். முடிச்சு அவர் சட்டைப் பையில். நிறுத்தத்தில் இறங்கியதுமே செருப்பைக் கழற்றி அவள் பையில் போட்டுவிட்டார். காட்டு வழி தொடங்கும் இடத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த கேட் இருந்தது. பக்கத்தில் ஒரு பலகை. கேட்டில் வனத்துறை வாட்ச்சராக நின்றவன் அவருடைய அக்கா மகன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கையில் பெயர்ப் பட்டியல். திருவிழா அன்று மட்டும் சுற்றுக் கிராமத்துக் குடும்பங்களை விடுகிறார்கள். கார்டைப் பார்த்து முன்கூட்டியே எழுதிய பட்டியல் அது. சனம் பேர் சொல்லிச் சொல்லி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவன் எங்களைப் பார்த்ததும் பட்டியலைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"மாமா, உங்க பேரு இதுல இல்லீங்க."

"இல்லாம எங்கடா போகும்? நல்லாப் பாரு."

"கார்டுல காரவள்ளின்னு வந்துருச்சுங்க. கீழ ஊருன்னா வெளியாளு கணக்குங்க மாமா."

என் தோழி முன்னால் வந்தாள். "ஏங் கண்ணு, உனக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப இந்த வெளியாளுதான கூட வந்தாரு? அன்னிக்கு லிஸ்ட்டுல பேரு பாத்தியா?"

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் முகம் சுருங்கியது. "அத்தை, நா என்ன பண்ணட்டும். கேமரா இருக்குதுங்க. போன வாரந்தான் ஒருத்தன வேலைய உட்டு எடுத்தாங்க."

"அவன் சோத்துல கைய வெக்காத புள்ள" என்றார் அவர் அவளிடம்.

நான் போனை எடுத்துக்கொண்டு சிக்னலுக்காக ரோடு வரை ஓடினேன். விழாவில் எனக்குப் பெட்டியைக் கையில் கொடுத்த அதிகாரியைப் பிடித்தேன். அன்பாகப் பேசினார். "உங்க வரியத்தானுங்க மேடம் கேட் போர்டுல எழுதி வெச்சிருக்கோம், பாத்தீங்களா?" என்றார். ஒருவருக்காக மாற்றினால் நாளைக்கு ரிசார்ட்காரனும் வந்து நிற்பான், கார்டைச் சரி செய்து அடுத்த வருடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் எனக்குத் தென்படவில்லை.

திரும்பி வந்தபோது அவர் பலகையின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். "மனிதர்... காலடி... படாத... காடு." தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். "அப்ப எங்க காலெல்லாம் என்ன காலாம்?" என்றார், யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமலே.

அது என் வரி என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் கூடத் தேவலை.

வாட்ச்சர் மருமகன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மாமா, குடுங்க. நா டூட்டி முடிஞ்சு உள்ள போறப்ப கொண்டுபோய் வெச்சர்றேன்."

அவர் பையிலிருந்து முடிச்சை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். உள்ளே எங்கோ தூரத்தில் மேளம் தொடங்கியிருந்தது.

"நா நடந்து வருவேன்னுதான் சாமிகிட்டச் சொல்லியிருக்குது. நீ நடந்தா அது உன்ற நடை, கண்ணு" என்றார். முடிச்சைத் திரும்பப் பைக்குள் வைத்தார். கேட் கம்பியை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவர் தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. நகர்ந்துகொள்ளவில்லை.

அடுத்த நாள் பிரேக் வாசனை வந்தது. தடி சத்தம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "நடக்கலீங்களா?" என்று கேட்டேன். "எங்க போறதுங்க அம்மிணி?" என்றார், படுத்தபடியே. கார்டை மேலே மாற்ற மனு எழுதி எடுத்துப் போனேன். மலையில் வீடு பூட்டிக் கிடக்கிறது, குடியிருந்தால்தான் மாற்ற முடியும் என்றார்கள். அவரை மேலே கொண்டுபோனால் பயிற்சி இல்லை. பங்குனி வரட்டும், வெயிலில் உடம்பு தேறட்டும் என்று பேசிக்கொண்டோம்.

கார்த்திகையில் காய்ச்சல் வந்தது, நுரையீரலில் சளி கட்டியது. படுத்தே இருப்பவர்களுக்கு அது வரும் என்றார் டாக்டர். ஒன்பதாவது நாள் காலை, அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

மலையிலிருந்து ஆட்கள் வரும்வரை பின்கட்டு அறையில் கிடத்தியிருந்தோம். சந்துப் பெண்கள் நெற்றியில் வைக்கக் காசு கேட்டார்கள். எல்லோரும் முந்தானையைத் தடவினார்கள். என் கண் மேலே போனது. கொக்கியில் மஞ்சள் முடிச்சு. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அந்த நிமிடத்தில் எனக்கு அது அவருடைய காசு என்று மட்டுமே தோன்றி, அதைச் சொன்னேன்.

"அதையே வெச்சரலாமே. அதையாச்சும் அவரு கூடக் கொண்டுபோகட்டும்."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கேட்டில் பார்க்காத பார்வையையும் சேர்த்துப் பார்த்தாள்.

"அது அவருதில்ல. சாமிது. சாமி காச எடுத்துப் பொணத்து மேல வெக்கச் சொல்ற" என்றாள். குரல் உயரவில்லை. "இத்தன வருசமா மேல வந்து போற. உனக்குக் காடும் தெரியல, காசும் தெரியல."

யாரோ ஒரு ரூபாய்க் காசைக் கொண்டுவந்தார்கள். அதை வைத்தோம். மதியம் வேனில் அவரை ஏற்றினார்கள். முடிச்சை அவளே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கிக்கொண்டாள். நான் ஸ்டூலைப் பிடிக்கப் போனேன். "வேண்டாம், நிக்கும்" என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மேலே போனேன். எனக்கு இலை போட்டார்கள், அவள்தான் பரிமாறினாள், குறைவில்லை. ரசம் இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கூட ஊற்றினாள். வந்தவர்கள் கலைந்தபின் வாசலில் மரவள்ளித் தண்டுகளைக் கட்டு கட்டாக அடுக்கத் தொடங்கினாள். நானும் இரண்டு கட்டு எடுத்து வைத்தேன். வீட்டுக்குள் விட்டத்தில் முடிச்சு தொங்குவது தெரிந்தது. மன்னிப்பு என்கிற வார்த்தையை வழியெல்லாம் பலவிதமாக எழுதி எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கடைசியில் அந்தப் போர்டைப் பற்றித்தான் சொன்னேன். எடுத்துவிடச் சொல்லி எழுதிப்போட்டிருக்கிறேன் என்று.

"எடுத்தா எடுக்கட்டும், இருந்தா இருக்கட்டும். அவருதான் படிச்சு முடிச்சுட்டாரே" என்றாள்.

நான் இன்னொரு கட்டைத் தூக்கி அடுக்கின்மேல் வைத்தேன்.

"அந்தக் காசு?" என்று கேட்டேன்.

"தீட்டு ஒரு வருசம். அதுக்கப்புறம் வர்ற ஆடிக்கு நான் நடப்பேன். அவரு நடை ஆகாதுதான். ஆளு வரல, காசு வந்துருக்குதுன்னு சாமிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"அதுக்குள்ள கார்டு..."

"அதையத்தான் கேக்கோணும்னு இருந்தேன். இனி இங்கதான குடியிருக்கேன், மாத்திக் குடுப்பாங்க. அவரு பேர அடிச்சுட்டு என்ற பேர மட்டும் இந்த ஊர்ல எழுதச் சொல்லு. கையெழுத்து வேணும்னா இப்பவே போட்டுத் தாரேன்."

மனுத்தாள் என் பையில் இருந்தது. வாசற்படியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள், ஹாஸ்டல் நோட்டில் போட்ட அதே குண்டு எழுத்தில். மேலே பஸ் ஹாரன் அடித்தது. கடைசி பஸ். நான் எழுந்தேன். அவளும் எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு, காகிதத்தை என்னிடம் கொடுத்தாள்.

"கார்டு வந்துச்சுன்னா கண்டக்டர்கிட்டக் குடுத்து அனுப்பிச்சுரு. அதுக்குன்னு நீ வர வேண்டாம், புள்ள."